தமிழ் 99-ல் நாள் முழுக்க வேலை, வலது மணிக்கட்டில் வலி: எந்த கீபோர்டு, எந்த மவுஸ்?

தென்காசிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து மதியம் வரைக்கும் தமிழ் 99-ல் தட்டச்சு. சாயங்காலம் மாமா கடைக்கு டாலியில் கணக்கு ஏத்துவேன், அது முழுக்க எண்கள்தான். நேரம் கிடைச்சா விக்கிமூலத்தில் பழைய புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்ப்பேன்.

இது எல்லாமே நம்பர் பேட் உள்ள 15.6 இன்ச் லேப்டாப்பில், சாப்பாட்டு மேசை மேல வச்சுத்தான். கொஞ்ச நாளா வலது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமா வலி. டாக்டர்கிட்ட காட்டிட்டேன். நரம்பில் கோளாறு இல்லை, கையை வச்சு வேலை செய்யிற விதத்தை மாத்துங்க, தனி கீபோர்டும் மவுஸும் வாங்குங்கன்னு சொன்னார்.

என் நிலைமை இதுதான். ரெண்டும் சேர்த்து 5000 ரூபாய்க்குள்ள முடியணும். என் உயரம் ஐந்தடி, கை சின்னக் கை. ராத்திரி வேலை பார்க்கும்போது அதே அறையில் குழந்தை தூங்கும், சத்தம் கூடாது. நம்பர் பேட் இல்லாம டாலி ஓடாது. வீட்டுக்காரர் கலர் கலரா லைட் எரியிற கேமிங் கீபோர்டு ஒண்ணைக் காட்டுறார். தம்பி, செங்குத்தா நிக்கிற வெர்டிகல் மவுஸ் வாங்குன்னு சொல்றான். தமிழில் அதிகமா அடிக்கிறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. இங்கிலீஷ்ல அடிக்கிறவங்களுக்கு எழுதின ஆலோசனை நிறைய படிச்சுட்டேன்.

கோவை_கோடர்:

மெக்கானிக்கல் கீபோர்டு, அதாவது ஒவ்வொரு விசைக்கும் அடியில தனி சுவிட்ச் இருக்கிறது, எடுத்துடுங்க, திரும்பிப் பார்க்கவே மாட்டீங்க. ரெட் சுவிட்ச்னா லேசா இருக்கும், விரல் நோகாது. நம்பர் பேடும் அம்பு விசையும் இல்லாத 60 சதவீத அளவு எடுத்தா மேசையில் இடமும் மிச்சம், மவுஸும் பக்கத்துல வந்துடும். நான் அதுலதான் கோடு அடிக்கிறேன். டிவிஎஸ் கோல்டு மட்டும் வேண்டாம். உழைப்புல அதை மிஞ்ச ஆள் இல்லை, ஆனா புளூ சுவிட்ச், பேங்க் கவுன்ட்டர்ல கேட்குமே அந்த டக் டக். குழந்தை எந்திரிச்சுடும்.

காவிரிக்கரை:

கும்பகோணத்தில் தட்டச்சுப் பயிலகத்தில் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது பதிப்பகங்களுக்குக் கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்து தருகிறேன், நானும் தமிழ் 99-தான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கைவலியோடு வந்து நின்ற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் இதை மேலோட்டமாகச் சொல்ல மனம் வரவில்லை.

கோவைத் தம்பி சொன்னதில் சுவிட்ச் பற்றியது சரி. 60 சதவீத அளவு என்பது உங்களுக்கு ஆகாது. காரணத்தைச் சொல்கிறேன்.

1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை தமிழ் 99. உயிரெழுத்தும் புள்ளியும் இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. வ-வும் ங-வும் மட்டும்தான் இடது பக்கம். இந்த ஏற்பாட்டில் இரண்டு கையும் மாறி மாறி ஓடும், வேகம் வரும். ஆனால் க, ச போன்ற அகர உயிர்மெய்க்குத் தனியாக உயிர் அடிக்க வேண்டியதில்லை, க்க, ச்ச, ஞ்ச, ந்த போன்ற இடங்களில் புள்ளி தானாகவே விழுந்துவிடும். அப்படி மிச்சமாகும் அடி எல்லாம் இடது கையின் அடி. ஆகவே கூட்டிக் கழித்தால் வலது கைதான் அதிகம் உழைக்கிறது.

அதிலும் வலது சுண்டுவிரலைக் கவனியுங்கள். ண, ந, ய, ச, ஞ, ழ ஆறும் அந்த ஒரு விரலின் பொறுப்பு. ஆங்கிலத்தில் அதே இடத்தில் பி என்ற ஒரே எழுத்துதான், மற்றவை அரைப்புள்ளி, மேற்கோள், அடைப்புக்குறி, சாய்கோடு. ஆங்கிலம் அடிப்பவர் எப்போதாவது தொடும் விசைகளை நாம் வரிக்கு வரி தொடுகிறோம். 'பஞ்சாயத்து' என்று ஒரு தடவை அடித்துப் பாருங்கள். ஞ, ச, ய மூன்றும் சுண்டுவிரல். இதோடு என்டரும் பேக்ஸ்பேஸும் அதே விரலுக்கு. ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் இடது கை விசையோடு ஷிஃப்ட் சேர்ந்தவை. முறையாகப் பழகியவர்கள் அதற்கு வலது ஷிஃப்டைத்தான் பிடிப்பார்கள், அதுவும் சுண்டுவிரல். மொழிபெயர்ப்பு என்றால் ஜனவரி, ஸ்டேஷன், ஹோட்டல் என்று கிரந்தம் வராத பக்கம் ஏது?

உங்கள் வலி சுண்டுவிரல் பக்கம்தான் என்கிறீர்கள். டாக்டர் பார்த்தது சரி, அதற்கு மேல் வைத்தியம் பேச எனக்குத் தகுதி இல்லை. கை எப்படிப் போகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். சுண்டுவிரல் எட்டாதபோது முழங்கையை நகர்த்தாமல் மணிக்கட்டை மட்டும் வெளிப்பக்கமாக வளைத்து எட்டுகிறோம். நம்பர் பேட் உள்ள லேப்டாப்பில் எழுத்து விசைகள் இடது பக்கம் ஒதுங்கிவிடும். திரை நேரே இருக்கும், கை இரண்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில் வலது மணிக்கட்டுதான் அதிகம் வளையும்.

ஆகவே கீபோர்டு வாங்கும்போது நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது வலது ஓரம். அடைப்புக்குறி இரண்டு, மேற்கோள், சாய்கோடு, இவை மற்ற எழுத்து விசைகளின் அதே அகலத்தில் இருக்க வேண்டும். கையடக்கமாகச் செய்கிறேன் என்று சில கீபோர்டுகளில் இவற்றைத்தான் ஒடுக்கிவிடுகிறார்கள். அதைவிடச் சின்னவற்றில் இவை எஃப்என் விசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அங்கே ச அடிக்க இரண்டு விரல் வேண்டும். அடுத்தது வலது ஷிஃப்ட். 65, 75 சதவீத அளவுகளில் மேல்நோக்கு அம்பு விசைக்கு இடம் கொடுக்க வலது ஷிஃப்டைக் குறுக்கிவிடுவார்கள், ஸ அடிக்கப் போய் கர்சர் மேல் வரிக்குத் தாவும். 60 சதவீதத்தில் அம்பு விசைகளே கிடையாது, மெய்ப்புப் பார்க்கிறவருக்கு அது பெரிய குறை.

உங்களுக்கு உரியது 87 விசை உள்ள, நம்பர் பேட் மட்டும் நீக்கிய அளவு. கடையில் டிகேஎல் என்று கேளுங்கள். ஷிஃப்ட் முழு நீளம், அம்பு விசைகள் தனியாக, ஹோம், எண்ட் எல்லாம் அதனதன் இடத்தில். முழு கீபோர்டு ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் அகலம், இது 36. அந்த எட்டு சென்டிமீட்டர்தான் உங்கள் மவுஸை உடம்புக்கு அருகே கொண்டுவரும். டாலிக்கு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

சுவிட்ச் விஷயம். சாதாரண ரப்பர் கீபோர்டில் விசை அடிவரை போனால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கலில் நான்கு மில்லிமீட்டர் பயணத்தில் பாதி வந்ததுமே எழுத்து பதிந்துவிடும், மீதியை அழுத்த வேண்டிய அவசியம் இல்லை. இந்தப் பாதியில் நிறுத்தும் பழக்கம் வந்தால்தான் மெக்கானிக்கலுக்குக் கொடுத்த பணத்துக்குப் பலன். ரெட் என்றால் தடையே இல்லாமல் இறங்கும், அழுத்தம் சுமார் 45 கிராம். பிரவுனில் எழுத்து பதியும் இடத்தில் விரலுக்கு ஒரு சின்ன முட்டல் தெரியும். தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கைகளுக்கு, அதாவது தட்டச்சில் லோயர், ஹையர் தேர்வு முடித்தவர்களுக்கு, நான் பிரவுன் சொல்வேன். அவர்கள் கை ஓங்கி அடித்துப் பழகிய கை, எங்கே நிறுத்துவது என்று விரலுக்கு ஒரு அடையாளம் வேண்டும். லேப்டாப்பிலேயே கற்றுக்கொண்ட கை என்றால் ரெட் போதும்.

சத்தம் முக்கால்வாசி விசை அடியில் மோதுவதால் வருவது. இந்த மூன்றில் புளூ சுவிட்ச் மட்டும்தான் தானாகவே சொடுக்கும். அதை விட்டுவிட்டு, கீபோர்டுக்கு அடியில் தடிமனான துணியோ மவுஸ் விரிப்போ போட்டால் மேசை அதிர்வது நிற்கும். சைலன்ட் ரெட் என்று தனியாகவே ஒன்று உண்டு, உங்கள் தொகைக்குள் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

இப்போது உயரம். இதைச் சரிசெய்யாமல் எதை வாங்கினாலும் வலி போகாது, அழுத்திச் சொல்கிறேன். சாப்பாட்டு மேசை வழக்கமாக 75 சென்டிமீட்டர். ஐந்தடி உயரத்துக்கு அது அதிகம், தோளைத் தூக்கி, மணிக்கட்டை மேல்நோக்கி மடித்துத்தான் அடிப்பீர்கள். நாற்காலியில் தலையணை வைத்து உயர்த்துங்கள், முழங்கை மேசை மட்டத்துக்கு வரட்டும். கால் தொங்கும், அதற்கு அடியில் ஒரு மணைப்பலகை. மெக்கானிக்கல் கீபோர்டு ரப்பர் கீபோர்டைவிட உயரமானது, அதனால் இது இன்னும் முக்கியம். கீபோர்டின் பின்னால் உள்ள இரண்டு கால்களையும் மடக்கி வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு இன்னும் மடங்கும். ஜி, எச் விசைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி உங்கள் மூக்குக்கு நேராக இருக்கட்டும். லேப்டாப்பை நாலு புத்தகத்தின் மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி செய்யுங்கள்.

மவுஸுக்கு முதலில் உங்கள் கையை அளக்க வேண்டும். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள், பிறகு சொல்கிறேன்.

தென்காசிக்காரி:

அக்கா, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இவ்வளவு பொறுமையா யாரும் எனக்குச் சொன்னதில்லை. 'பஞ்சாயத்து' அடிச்சுப் பார்த்தேன், நீங்க சொன்ன இடத்துலதான் சுருக்குன்னு இழுக்குது.

கை நீளம் பதினாறரை சென்டிமீட்டர். நான் லோயர் முடிச்சவள், இங்கிலீஷ்ல நிமிஷத்துக்கு 30 சொல். ஹையருக்கு 45 வேணும்னாங்க, அதுக்குள்ள கல்யாணம் ஆகிடுச்சு. அப்போ எனக்கு பிரவுன்தானா?

தம்பி சொன்ன வெர்டிகல் மவுஸ் பத்தியும் சொல்லுங்க. டிராக்பால்னு ஒண்ணும் இருக்காமே?

காவிரிக்கரை:

லோயர் கை என்றால் பிரவுன்தான், தங்கச்சி.

வெர்டிகல் மவுஸ் நல்ல பொருள். சாதாரண மவுஸைப் பிடிக்கும்போது உள்ளங்கை தரையைப் பார்க்கிறது, முன்கை எலும்புகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடுகின்றன. கை குலுக்குவதுபோல் நிமிர்த்திப் பிடித்தால் அந்த முறுக்கு குறையும். ஆனால் விலை குறைந்த வெர்டிகல் மவுஸ்கள் பலவும் பெரிய கைக்குச் செய்தவை. பதினாறரை சென்டிமீட்டர் கைக்கு அது மலைபோல் நிற்கும். விரல் பட்டனுக்கு எட்டாமல் நீட்டி நீட்டி, ஒரு வலியை விட்டு இன்னொன்றைப் பிடிப்பீர்கள். சின்னக் கைக்கென்றே செய்தது லாஜிடெக் லிஃப்ட், 57 டிகிரி சாய்வு, இடது கைக்கும் தனி வார்ப்பு உண்டு. விலை கூடுதல். உங்கள் தொகையில் கீபோர்டும் அதுவும் சேர்ந்து வராது.

டிராக்பாலில் பந்து மட்டும்தான் உருளும், கை நகராது. தோள் வலிக்காரர்களுக்கு ரொம்ப நல்லது. கட்டைவிரலால் உருட்டும் வகையை உங்களுக்குச் சொல்லத் தயங்குகிறேன். குழந்தையைத் தூக்கும் கை, கட்டைவிரல் தசைநாண் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கும்.

என் யோசனை வேறு. இரண்டு பக்கமும் ஒரேபோல் இருக்கும் சின்ன மவுஸ் ஒன்று வாங்கி இடது கைக்கு மாற்றுங்கள். வலது கை ஏற்கெனவே அதிகம் அடிக்கிறது என்று பார்த்தோமே, மவுஸ் சுமையையும் அதன் தலையில் ஏன் வைக்க வேண்டும்? விண்டோஸ் அமைப்பில் பட்டன்களை இடம் மாற்றிக்கொள்ளலாம். முதலில் மெய்ப்பு வேலைக்கு மட்டும் இடது கையில் பிடியுங்கள், அதில் சொடுக்குவதும் உருட்டுவதும்தான் இருக்கும், நுணுக்கமான இழுப்பு இருக்காது. கை பழகியதும் மற்ற வேலைக்கும் தானாக வரும். கட்டைவிரலுக்குக் குழிவு வைத்த வலது கை மவுஸை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

டாலிக்கு: யுஎஸ்பி நம்பர் பேட் தனியாக விற்கிறது, விலை அதிகமில்லை. சாயங்காலம் எடுத்துச் செருகுங்கள், மற்ற நேரம் டிராயரில் இருக்கட்டும். எண் ஏற்றும்போது கீபோர்டை இடது பக்கம் தள்ளிவிட்டு நம்பர் பேடை வலது தோளுக்கு நேராக வையுங்கள். முழு கீபோர்டில் இந்த வசதி கிடைக்காது, அங்கே எண்ணுக்காகத் தோள் வெளியே போயே ஆக வேண்டும்.

சேலம்_ரிப்பேர்:

அக்கா சொன்னதுக்கு மேல பெரிசா ஒண்ணும் இல்லைங்க. நான் கடையில பழுது பார்க்கிற ஆளு, வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியதை மட்டும் சொல்றேன்.

கீபோர்டு ஒயர் போட்டதே எடுங்க. மேசையை விட்டு நகராத பொருளுக்கு வயர்லெஸ் தேவையில்லை, அந்தக் காசு சுவிட்ச் தரத்துக்குப் போகட்டும். ஒயரைக் கழட்டி மாட்டுற மாதிரி டைப்-சி இருந்தா இன்னும் நல்லது. ஒயர் பிஞ்சா ஒயரை மட்டும் மாத்திக்கலாம்.

மவுஸ் வயர்லெஸ் எடுத்தா, அதோட குட்டி ரிசீவரை நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்ல செருகிட்டு, பக்கத்துலயே ஹார்டு டிஸ்க்கும் மாட்டாதீங்க. 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில இரைச்சல் கிளம்பும், மவுஸ் விட்டு விட்டு நகரும். மவுஸ் கெட்டுப்போச்சுன்னு கொண்டுவருவாங்க, ரிசீவரை வேற போர்ட்ல மாத்தினா சரியாயிடும்.

ஹாட்-ஸ்வாப்னு போட்ட கீபோர்டு வாங்கினா, கெட்டுப்போன ஒரு சுவிட்சை மட்டும் பிடுங்கி மாத்தலாம், பற்றவைப்பு வேண்டாம். உங்களுக்கு இது ரொம்ப உதவும், ஏன்னா அக்கா சொன்ன அந்த ஆறு விசையில ஒண்ணு கெட்டாலும் வேலை நின்னுடும். பிரவுன் பிடிக்கலைன்னா பின்னாடி சைலன்ட் வாங்கிப் போட்டுக்கலாம். ஒண்ணு மட்டும் கவனிங்க, விலை குறைஞ்ச சிலதுல ஔடெமுங்கிற கம்பெனியோட சுவிட்ச் மட்டும்தான் ஏறும், துளை சின்னது. எல்லா மூணு கால் சுவிட்சும் ஏறுமான்னு கேட்டுட்டு வாங்குங்க.

எழுத்து மூடி பிபிடி பிளாஸ்டிக்கா பாருங்க. ஏபிஎஸ்னா சீக்கிரம் எண்ணெய் பூசின மாதிரி பளபளன்னு ஆயிடும், விரல் வழுக்கும். மவுஸ்ல சத்தமில்லாத கிளிக் வகையே கிடைக்குது, ராத்திரிக்கு அதுதான். டிபிஐ, அதாவது மவுஸோட நுணுக்கத்தைக் காட்டுற எண், பதினாறாயிரம்னு போட்டிருக்கிறதுக்குக் காசு கொடுக்காதீங்க, உங்க வேலைக்கு ஆயிரம் வாக்குல இருந்தா தாராளம்.

தென்காசிக்காரி:

ரெண்டு பேருக்கும் நன்றி. நேத்து நாற்காலியில தலையணை, காலுக்கு அம்மா வீட்டு மணை, லேப்டாப்புக்கு அடியில அகராதி ரெண்டு. பழைய ரப்பர் கீபோர்டு ஒண்ணை பக்கத்து வீட்டுல வாங்கி மூக்குக்கு நேரா வச்சு அடிச்சேன். வலி போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா சாயங்காலம் தோசை திருப்பும்போது கை இழுக்கலை.

சனிக்கிழமை திருநெல்வேலிக்குப் போய் கடையில அடிச்சுப் பார்த்து வாங்கப் போறேன். அங்க நின்னுக்கிட்டு என்ன அடிச்சுப் பார்க்கணும்? கடைக்காரர் ரெண்டு நிமிஷம்தான் விடுவார்.

காவிரிக்கரை:

நின்றுகொண்டு பார்க்காதீர்கள், ஒரு ஸ்டூல் கேட்டு உட்காருங்கள். நிற்கும்போது எந்தக் கீபோர்டும் நன்றாகத்தான் தெரியும். கடைக் கணினியில் தமிழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விரலுக்கு இடம் தெரியும். கண்ணை மூடி எஃப், ஜே மேடுகளைத் தொட்டுவிட்டு, 'பஞ்சாயத்து', 'யாழ்ப்பாணம்', 'ஸ்டேஷன்' மூன்றையும் வழக்கமான வேகத்தில் அடியுங்கள். முதலாவது அடைப்புக்குறி விசைகளுக்கு, இரண்டாவது சாய்கோட்டுக்கும் பி-க்கும், மூன்றாவது வலது ஷிஃப்டுக்கு. திரையில் வருவது ஆங்கிலக் குப்பையாக இருக்கும், அதைப் பார்க்க வேண்டாம். வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒட்டியபடியே மூன்றும் முடிந்தால் பில் போடச் சொல்லுங்கள்.